ஸ்கானுக்கு முன் உடலிலுள்ள ஷெல் துண்டைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாய்ப் புற்றுநோய் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் இது என்பதையும், வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும் செய்கிற கேட்டையும் கட்டுரையாளர் நன்றாக விளக்கியிருக்கிறார். ஆனால், இன்றைய ஸ்கான் கருவிகள் கட்டியின் எல்லையை அப்படியே காட்டிவிடும் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். வைத்தியசாலை ஒன்றின் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற என்னால் அதை ஏற்க முடியவில்லை. வன்னி மக்களுக்கு அந்த நம்பிக்கை ஆபத்தானதும்கூட.

வாயும் தொண்டையும் படமெடுக்கச் சிரமமான இடங்கள். நோயாளி எச்சில் விழுங்கினாலே, காந்தத்தைக் கொண்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் கலங்கிவிடும். கன்னத்தின் உட்பக்கத்துக் கட்டி ஈறோடு ஒட்டிக் கிடப்பதால், எக்ஸ்ரே கதிரால் குறுக்குவெட்டாக எடுக்கும் சி.ரி. படத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கன்னத்தை உப்பிப் பிடிக்கச் சொல்லி எடுத்தால், இடையில் காற்றுப் புகுந்து கட்டி தனியே தெரியவரும். வெற்றிலை போட்டே வாய் இறுகிப் போனவர்களுக்கு அதுவும் இலகுவில்லை.

2004இல் பெல்ஜிய ஆய்வாளர்கள், சத்திரசிகிச்சையில் அகற்றிய 9 குரல்வளைகளை அவற்றின் சி.ரி., எம்.ஆர்.ஐ., பெற் ஸ்கான் (உடலில் ஏற்றிய கதிரியக்கச் சர்க்கரை சேருமிடத்தைக் காட்டுவது) படங்களோடு ஒப்பிட்டார்கள். மூன்றுமே கட்டியை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டின. பெற் ஸ்கான் உண்மைக்குச் சற்றுக் கிட்ட நின்றது. மேற்சவ்வில் மெல்லிதாகப் பரவியிருந்த நோயை மூன்றுமே தவறவிட்டன. வைத்தியரின் கண்ணும் விரலும் குழாய்க் கமராவும் இன்றும் தேவைப்படுவது இதனால்தான்.

இதற்கு மேல் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 2009இல் முடிந்த போரின் ஷெல் துண்டுகளை இன்னும் உடலில் சுமப்பவர்கள் இங்கே ஏராளம். முகத்திலோ கழுத்திலோ உலோகம் இருந்தால், சி.ரி. படத்தில் அதைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் பாயும். பல் அடைத்த உலோகமே இதைச் செய்யும். வாய்ப் புற்றுநோயின் நிலையைக் கணிக்கையில் கட்டியின் ஆழம் 5 மில்லிமீற்றரைத் தாண்டியதா, 10ஐத் தாண்டியதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சில மில்லிமீற்றர்களைத்தான் கீற்றுகள் மறைக்கின்றன. எம்.ஆர்.ஐ. என்றால் வேறு பயம்: காந்தம் இரும்பை இழுக்கும். கண், முண்ணாண், பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றின் அருகே துண்டு இருந்தால் விபரீதம். அதற்காக, துண்டு உள்ள எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்றில்லை. அது இருக்கும் இடத்தைப் பார்த்துக் கதிரியல் வைத்தியர் முடிவெடுப்பார். அதற்கு அவருக்கு அந்த இடம் தெரிய வேண்டும்.

கழுத்துப் படம் எடுக்க வந்த ஓர் அம்மாவின் தாடைக்கடியில் அரிசிக் குறுணி அளவில் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தது. படத்தைக் காட்டிக் கேட்ட பிறகே, போர் நடந்த மாத்தளனில் காயப்பட்டது என்று தணிந்த குரலில் சொன்னார். எங்கே, எப்படிக் காயப்பட்டாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பயந்தே பல வருடங்கள் வாழ்ந்த சனம் இது. அவர்கள் தாமாகச் சொல்லட்டும் என்று வைத்தியசாலை காத்திருக்கக் கூடாது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வைத்தியசாலைகளிடம் ஒன்றைக் கேட்கிறேன். வாயில், கழுத்தில் கட்டியோடு வருபவரைத் தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளுக்கு அனுப்பும் முன், முகத்துக்கும் கழுத்துக்கும் சாதாரண எக்ஸ்ரே ஒன்று எடுத்து, உலோகம் இருக்கும் இடத்தைக் கிளினிக் கொப்பியிலும் அனுப்பும் கடிதத்திலும் எழுதிவிடுங்கள். எக்ஸ்ரே வசதியில்லாத சிறிய வைத்தியசாலையென்றால், காயப்பட்ட தழும்புகளைப் பரிவோடு கேட்டுக் குறித்தாலும் மேலே பார்க்கும் வைத்தியருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பிரிவு ஊழியர்,
முள்ளியவளை.