பிரேம் வாங்கறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்ங்க. நம்ம பேப்பர்ல சைக்கிள் பத்தி வந்தாலே விலையும் வெயிட்டும்தான், முன்னாடியும் பின்னாடியும் சஸ்பென்ஷன் (குலுக்கல் தாங்கற அமைப்பு) இருக்கற கிராஸ் கன்ட்ரி பிரேம், அதாவது மேடு பள்ளமான மண் பாதையில ஓட்டற சைக்கிளோட சட்டம், எப்டி பாத்து வாங்கறதுன்னும் போடுங்களேன். அஞ்செட்டி பக்கம் கல்லு பாதையில ஓட்டற எனக்கு 100லேர்ந்து 120 மில்லிமீட்டர் டிராவலே (சஸ்பென்ஷன்ல சக்கரம் மேல கீழ போய்வர்ற தூரம்) தாராளம், அதுக்கு மேல போனா ஏத்தத்துல நாக்கு தள்ளிடும். கார்பன் ஃபைபர் ஆசையில பிரஸ்ஃபிட் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுத்தற பேரிங், மரை இல்லாம அழுத்திச் சொருகறது) வெச்ச பிரேம் எடுத்தேன், ரெண்டாவது மழைக்கே மிதிக்க மிதிக்க மாட்டு வண்டி அச்சு மாதிரி கீச்சு கீச்சுன்னு சத்தம், மரை போட்டதா எடுத்திருந்தா நானே கழட்டி கிரீஸ் தடவி மாட்டியிருப்பேன். பின்பக்க சஸ்பென்ஷன் அசையற மூட்டுல இருக்கற பிவட் பேரிங் சைஸும் கேட்டு வெச்சுக்கங்க, தேஞ்சா மாத்தணும்ல. பிரேமுக்குள்ள ரெண்டு தண்ணி பாட்டில் நிக்குதான்னும் பாருங்க, சித்திரை வெயிலுக்கு ஒண்ணு பத்தாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்