பொன்னி அரிசி வேறு, தங்க அரிசி வேறு

பினாங்கு லிட்டில் இந்தியா கடை வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாகக் கல்லாவில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. "அண்ணே, நீங்கள் விற்கும் பொன்னி, மரபணு மாற்றிய தங்க அரிசியாமே?" என்று கேட்காதவர் குறைவு. யாரோ புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தட்டிவிட்டிருக்கிறார்கள். பெயரில் பொன் இருப்பதுதான் பொன்னி செய்த குற்றம்.

பொன்னி என்பது காவிரியின் இன்னொரு பெயர். வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்டது. மாயாங் எபோஸ் என்ற மலாயா நெல்லையும் தைச்சுங் 65 என்ற தைவான் நெல்லையும் கலந்த வழியில் வந்தது அது. நம் மசூரிக்கும் அதே பூர்வீகம்தான். ஆக, பாதிச் சொந்தம் நமக்கும் உண்டு! புழுங்கல் அரிசியின் லேசான மஞ்சள், நெல்லை அவிப்பதால் வருவது.

சரி, தங்க அரிசி? நெல்லின் இலையில் பீட்டா கரோட்டின் இயல்பாகவே இருக்கிறது; நம் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் மஞ்சள் நிறச் சத்து அது. நாம் உண்ணும் வெள்ளைப் பகுதியில்தான் இல்லை. அங்கேயும் அதை உண்டாக்கியதுதான் தங்க அரிசி. அதற்கு வெளியிலிருந்து மரபணுவைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது. அந்த மரபணுவின் முன்னால் புரொமோட்டர் என்ற துண்டு வேண்டும். எந்த அறையில் விளக்கு எரியும் என்பதைச் சுவிட்சு தீர்மானிப்பதுபோல, மரபணு செடியில் எங்கே வேலை செய்யும் என்பதை அது தீர்மானிக்கிறது.

2000-ல் பொட்ரிக்கஸ், பேயர் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் டாஃபடில் பூவின் மரபணுவுக்கு நெல்லின் குளுட்டெலின் சுவிட்சை வைத்தார்கள். அது நெல்மணிக்குள் மட்டும் இயங்கும். கூடவே வைத்த பாக்டீரியா மரபணுவுக்கு, செடி முழுக்க இயங்கும் 35எஸ் என்ற காலிஃபிளவர் வைரஸ் சுவிட்சு. கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம் கரோட்டின்தான் கிடைத்தது. 2005-ல் டாஃபடிலுக்குப் பதில் சோள (மக்காச்சோள) மரபணு, இரண்டுக்கும் மணிச் சுவிட்சு என்று மாற்றியதும் 37 மைக்ரோகிராம் வரை போனது. பெரிய காரணம் சோள மரபணுதான். பிலிப்பீன்ஸ் 2021-ல் பயிரிட அனுமதித்தது. 2024-ல் அங்குள்ள நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பினாங்கு மூட்டைக்குள் அது எப்படி வரும்?

கேட்க வேண்டியது சோள மாவைப் பற்றி. அதை யாரும் கேட்கவில்லை! 35எஸ் சுவிட்சு புகையிலையில் சுறுசுறுப்பாக இயங்கும். தானியப் பயிர்களில் மந்தம். அதனால் நெல்லின் ஆக்டின், சோளத்தின் யுபிக்விட்டின் சுவிட்சுகளைத் தேடிப் போனார்கள். மோன் 810 என்ற பூச்சி எதிர்ப்புச் சோளத்தில் 35எஸ்ஸையே வைத்து, பின்னால் சோளத்தின் இன்ட்ரான் (மரபணுவுக்குள் இருக்கும் இடைத்துண்டு) ஒன்றைச் சேர்த்து வேகம் கூட்டினார்கள். அதனால் பூச்சியைக் கொல்லும் புரதம் இலை, தண்டு, மணி எல்லாவற்றிலும் உண்டு. அதற்கு முந்திய பிடி 176 என்ற பூச்சி எதிர்ப்புச் சோளத்தில் பச்சைப் பாகத்துக்கும் மகரந்தத்துக்கும் தனித்தனிச் சுவிட்சு. மணியில் புரதம் மிகக் குறைவு. மரபணு மாற்றியதா என்பதோடு, அது எங்கே இயங்குகிறது என்றும் கேளுங்கள் என்பேன்.

மலேசியாவில் 2007-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி, உணவுக்கும் தீவனத்துக்கும் அனுமதி பெற்ற மரபணு மாற்றச் சோளங்கள் உண்டு. நாங்கள் விற்கும் சோள மாவு இறக்குமதிச் சரக்கு. அதில் அவை அறவே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வேண்டாதவர்கள் குழம்பு கெட்டியாக அரிசி மாவு கேளுங்கள், பொன்னியிலேயே அரைத்துத் தருகிறோம். சனிக்கிழமை மட்டும் மில்லில் கூட்டம், கொஞ்சம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்