காலிக் குப்பிக்கும் கணக்கு வேண்டும்

தமிழ்நாட்டில் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்களையும் விழித்திரை மருத்துவமனைகளையும் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

விலை உயர்ந்த ஊசி மருந்துகளின் இருப்புக் கணக்கைப் பல மருத்துவமனைகளில், குப்பி குளிர்பெட்டியை விட்டு வெளியேறியதோடு முடித்துவிடுகிறோம். பில் போட்டதும் இருப்பில் ஒன்று குறைகிறது. அதன்பிறகு அந்தக் குப்பி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை எந்தப் பதிவேடும் சொல்வதில்லை.

2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை கைது செய்த கும்பல் பயன்படுத்திக்கொண்டது இந்த இடைவெளியைத்தான். மருத்துவமனைகளிலிருந்து கைமாறிய காலிக் குப்பிகளில், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் மலிவான மருந்தை நிரப்பி, பெம்ப்ரோலிசுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகளாக விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. முன்னணி 300 மருந்து பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடு கட்டாயம் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் குப்பியும் லேபிளும் பேட்ச் எண்ணும் அசலாகவே இருக்கும்போது, உள்ளிருப்பது போலி என்று குறியீடு எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

மீதி மருந்தின் நிலையும் இதுவே. 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு, மூன்று வாரத்திற்கு ஒருமுறை கிலோவுக்கு 6 மி.கி. வீதம் மார்பகப் புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாப் செலுத்தினால், 440 மி.கி. குப்பியில் 80 மி.கி. மிஞ்சும். கிருமி வளராமல் தடுக்கும் பாதுகாப்புப் பொருள் கலந்த நீரில் கரைத்திருந்தால், 2 முதல் 8 டிகிரி குளிரில் 28 நாள் வரை அதை வைத்திருக்கலாம். முழுக் குப்பிக்கும் பணம் கட்டியவர் ஒருவர். அந்த 80 மி.கி. யாருக்குப் போனது? ஒரே குப்பியைப் பலருக்குப் பிரித்து, விழித்திரை நோய்க்கு ஒருவருக்கு 0.05 மி.லி. மட்டுமே கண்ணுக்குள் ஊசியாகப் போடப்படும் பெவாசிசுமாப் குப்பியிலோ பாதுகாப்புப் பொருளே கிடையாது. எப்போது திறந்தார்கள், யார் யாருக்குப் பிரித்தார்கள் என்ற குறிப்பு இல்லாவிட்டால், ஒருவர் கண்ணில் தொற்று வரும் நாளில் மற்றவர்களைத் தேடிப் பிடிக்க வழியிருக்காது.

போதை தரும் வலிநிவாரணியான ஃபென்டனிலின் ஆம்பூல் (சிறு கண்ணாடிக் குப்பி) காலியாகத் திரும்பினால்தான் அடுத்ததைக் கொடுப்பது என்ற வழக்கம் பல அறுவை அரங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. லட்சம் ரூபாய் மருந்துக்கும் அதே கண்டிப்பைக் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். திறந்த நேரத்தையும் மீதியையும் செவிலியர் எழுத வேண்டும். திரும்பி வரும் காலிக் குப்பியின் லேபிளை இருவர் முன்னிலையில் கிழித்துச் சிதைத்த பின்னரே கழிவுப் பையில் போட வேண்டும். பையில் ஒட்டும் பார்கோடு பையைத்தான் பின்தொடரும். உள்ளே எத்தனை குப்பிகள் விழுந்தன என்பது அதற்குத் தெரியாது.

இதற்கென மென்பொருள் வாங்குவதானால், காலிக் குப்பி திரும்பியதைப் பதிய அதில் இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், கோடு போட்ட நோட்டே மேல்.

சிதைத்ததற்குச் சாட்சியாக இடும் இரு கையொப்பங்களில் ஒன்று மருந்தகத்திற்கு வெளியே உள்ளவருடையதாக இருக்கட்டும். எங்களை நம்பி விட்டுவிட வேண்டாம் என்று மருந்தாளுநராகிய நானே சொல்கிறேன். டெல்லி வழக்கில் கைதானவர்களில் மருந்தாளுநர்களும் இருந்தார்கள்.

இங்ஙனம்,
ஒரு மருத்துவமனை மருந்தாளுநர்