அந்த ரெட்டைக் கோடு எதற்கு? ஜீனோம் இந்தியா விஞ்ஞானிகளுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியர்களின் ஜீனோமை, அதாவது முழு மரபணுத் தொகுப்பை, படித்துப் பதிவு செய்யும் ஜீனோம் இந்தியா திட்டத்தின் விஞ்ஞானிகளுக்கும், அதற்குப் பணம் தந்து நடத்தும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும் வணக்கம்.

நான் மேற்குத் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் மரபியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒரு வெள்ளைத் தாள், பென்சில், ரப்பர், ஒரு டிஷ்யூ பெட்டி. என் மேசையில் இருப்பது இவ்வளவுதான். வருகிறவர்களின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு அந்தத் தாளில் வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு நடுவே ஒரு கோடு. இரண்டு பேரும் ரத்த சொந்தம் என்றால் இரண்டு கோடு. இறந்துபோனவர் என்றால் குறுக்கே ஒரு சாய்கோடு.

சென்ற ஆடி மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். (யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அத்தை மகனைக் கட்டிக்கொண்ட பெண். முதல் குழந்தை பதினாலு மாதத்தில் போய்விட்டது. நாலாவது மாதம் வரை நன்றாகத்தான் சிரித்தது, தலை நின்றது, அப்புறம் வலிப்பு வந்தது, வந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று என்றார் தாய். நான் வட்டத்தின் மேல் சாய்கோடு போட்டபோது அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேலே விரலை வைத்து, "அந்த ரெட்டைக் கோடு எதுக்குங்க மேடம்?" என்றார்.

சொன்னேன். "அப்ப நாங்க கட்டிக்கிட்டதுதான் தப்புங்களா?"

பக்கத்து நாற்காலியில் அவருடைய மாமியார். அவர்தான் அத்தை. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தப்பு யாருடையதும் இல்லை, எல்லோர் மரபணுக்களிலும் இப்படிச் சில குறைபட்ட எழுத்துகள் உண்டு, ஒரே தாத்தாவிடமிருந்து வந்த அதே எழுத்து இரண்டு பக்கமும் சேரும்போதுதான் நோயாகிறது என்று விளக்கினேன். வருடக்கணக்காகச் சொல்லிவரும் வார்த்தைகள். அன்றைக்கு அவை போதவில்லை.

ஏனென்றால் கையிலிருந்த ரிப்போர்ட் அப்படி. குழந்தை இருக்கும்போதே எடுத்த ரத்தம், குழந்தை போன பிறகு வந்த ரிப்போர்ட். வலிப்போடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி, தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று. குழந்தைக்கு இரண்டு பிரதியிலும் மாற்றம், தாய்க்கும் தகப்பனுக்கும் ஒவ்வொரு பிரதியில். இதுதான் காரணமா? ரிப்போர்ட் சொன்ன பதில்: "பொருள் உறுதியாகத் தெரியாத மாற்றம்." எங்கள் துறையில் வி.யு.எஸ். என்போம். இந்த மூன்று எழுத்தை அந்தப் பெண்ணுக்கு எப்படித் தமிழில் சொல்வது? "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றேன். இந்த டெஸ்ட்டுக்காகத் தாலிக்கொடி தவிர மற்ற நகையை அடகு வைத்த குடும்பம் அது.

இந்தப் பதிலின் விலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நோய்க்குக் காரணம் இதுதான் என்று உறுதியானால், அடுத்த கர்ப்பத்தில் பதினோராவது வாரத்திலேயே நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்த்துவிடலாம். உறுதியில்லாத மாற்றத்தை வைத்து அந்தப் பரிசோதனையைச் செய்ய மாட்டார்கள். செய்யவும் கூடாது. ஆக, நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்ற பயத்தோடு பத்து மாதம் சுமக்க வேண்டும், அல்லது பிள்ளையே வேண்டாம் என்று இருந்துவிட வேண்டும்.

அவருடைய கணவர் போனில் ஒரு செய்தியை எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் கே.ஜே. என்ற குழந்தைக்கு, அவனுக்கென்றே ஒரு மரபணுத் திருத்த மருந்தை ஆறே மாதத்தில் தயாரித்து 2025-ல் கொடுத்தார்கள் அல்லவா, அந்தச் செய்தி. ரத்தத்தில் அம்மோனியா ஏறிக்கொண்டே போகும் சி.பி.எஸ்.1 குறைபாடு அவனுக்கு. "இந்த மாதிரி நமக்கும் வருமுங்களா?" வரும், என்றைக்காவது வரட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த மருந்தை அவர்களால் செய்ய முடிந்ததற்கு முதல் காரணம், கே.ஜே.யின் உடம்பில் எந்த எழுத்து பிழை என்று அவர்களுக்கு ஐயமில்லாமல் தெரிந்திருந்தது. எந்த எழுத்தைத் திருத்துவது என்றே தெரியாதவர்களிடம் எழுதுகோலைக் கொடுத்து என்ன பயன்?

தெரியாமல் போனதற்குக் காரணம் அறிவியலின் குறைபாடு மட்டும் இல்லை. நம்மை எண்ணாமல் விட்டதுதான் பெரிய காரணம். ஒரு மாற்றம் நோய் தருமா என்று பார்க்க நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, ஆரோக்கியமாக இருப்பவர்களில் எத்தனை பேரிடம் இது இருக்கிறது என்பது. ஒரு சமூகத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் அதைச் சுமந்துகொண்டு, இரண்டு பிரதியிலும் வைத்திருப்பவர்கள்கூட நன்றாக நடமாடுகிறார்கள் என்றால், அது நோய்க்காரணம் இல்லை என்று அடித்துவிடலாம். இந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிப் போகும் உலகத் தரவுத்தளம் நோமாட். 2023-ல் வந்த பதிப்பில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு இருக்கிறது. அதில் தெற்காசியர்கள் ஏறக்குறைய பதினெட்டுக்கு ஒருவர். அதற்குள் எங்கள் தாலுகாவைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

கணினி கணிக்காதா என்று கேட்பார்கள். கணிக்கிறது. ஆல்ஃபாமிஸ்சென்ஸ் மென்பொருள் 2023-ல் வந்தது, மனிதப் புரதங்களில் ஓர் எழுத்து மாறுவதால் வரக்கூடிய சுமார் 7 கோடியே 10 லட்சம் மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது. இந்தக் குழந்தையின் மாற்றத்துக்கும் 'கெடுதலாக இருக்கலாம்' என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அது துணைச் சாட்சி மட்டுமே. ஒரு தாயிடம் போய், மென்பொருள் அப்படிச் சொல்கிறது, அதனால் முடிவெடுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது.

அதனால்தான் உங்கள் திட்டத்தை 2020-லிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிறுவனங்கள் கைகோர்த்தீர்கள். எண்பதுக்கும் மேற்பட்ட மக்கள்குழுக்கள், பழங்குடிகளும் சேர்த்து, 10 ஆயிரம் பேரின் முழு ஜீனோம். 2024 பிப்ரவரியில் முடித்துவிட்டோம் என்றீர்கள். 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்தீர்கள். அன்று ராத்திரி என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். எங்கள் மக்களை ஒருவழியாக எண்ணிவிட்டார்கள் என்று அவ்வளவு சந்தோஷம்.

அந்த எண்ணிக்கை என் மேசைக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் முழுத் தரவையும் கேட்கவில்லை. அது ரத்தம் கொடுத்த 10 ஆயிரம் பேரின் அந்தரங்கம். அதற்கு விண்ணப்பம், குழு, ஒப்பந்தம் எல்லாம் இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். நான் கேட்பது ஒவ்வொரு மாற்றமும் எந்த வட்டாரத்தில், எந்த மாதிரி மக்களிடம், எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற எண் மட்டும். பி.என்.ஆர். நம்பரை அடித்து டிக்கெட் உறுதியாயிற்றா என்று பார்ப்பதுபோல, தாலுகா ஆஸ்பத்திரி டாக்டரும் அடித்துப் பார்க்க வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லை. டெல்லியிலுள்ள மரபணு ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி. 1,029 இந்தியர்களின் ஜீனோமை வைத்து 2020-லேயே அப்படி ஒன்றைத் திறந்து வைத்தது. நான் அதைத் தினமும் பார்க்கிறேன். ஆயிரம் பேரை வைத்தே எத்தனையோ ரிப்போர்ட்டுகளில் ஐயம் தீர்ந்திருக்கிறது.

சமூகம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர், "சொந்தத்துல கட்டலீங்க, அந்நியத்துலதான் கட்டினோம்" என்பார்கள். விசாரித்தால் அந்த அந்நியமும் அதே சாதி. தமிழ்நாட்டில் நாலில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணம் சொந்தத்துக்குள் நடக்கிறது என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மீதி எல்லாம் தூரத்து ரத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 2017-ல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலானவர்கள் 260-க்கும் மேற்பட்ட தெற்காசியச் சமூகங்களைப் பார்த்தார்கள். அதில் 81 சமூகங்கள், மரபுநோய்களுக்குப் பேர்போன அஷ்கெனாசி யூதர்களையும் பின்லாந்துக்காரர்களையும் விடக் குறைவான மூதாதையர்களிடமிருந்து பெருகியவை. அவற்றில் 14 சமூகங்களில் ஒவ்வொன்றிலும் 10 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். நூற்றாண்டுகளாகத் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகத்தில் எல்லோரும் ஒருவகையில் ரெட்டைக் கோடுதான். இதை ஒரு குடும்பத்தின் குற்றமாகப் பார்க்காமல் விளக்க எனக்கு உங்கள் எண்கள் வேண்டும்.

கண்டுபிடிப்பு ஓர் இடத்திலும், அது யாருடைய ரத்தமோ அவர்கள் வேறிடத்திலும் நிற்பது நமக்குப் புதிதில்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் ஒன்றைக் கண்டார்கள். ஆபரேஷனின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸமெத்தோனியம் ஊசியைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும் நொதி ஒன்று உண்டு. வைசிய சமூகத்தில் இருபத்தைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் அந்த நொதி வேலை செய்வதே இல்லை. மேலைநாட்டில் லட்சத்தில் ஒருவருக்கு இருப்பதே அபூர்வம். அந்த நொதி வேலை செய்யாதவர்களுக்கு அந்த ஊசி போட்டால் மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது, வென்டிலேட்டரில் வைத்துக் காக்க வேண்டும். மயக்கவியல் மருத்துவரான என் தோழி, ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்க வீட்டில யாராச்சும் ஆபரேஷன் முடிஞ்சும் மூச்சு வராம மெஷின்ல இருந்தாங்களா?" என்று கேட்பாள். அவளுக்குத் தெரியும், கேட்கிறாள். ஒரு கேள்வி, ஒரு மாற்று மருந்து, அவ்வளவுதான் தேவை. இது அவள் ஒருத்தியின் பழக்கமாக இல்லாமல் எல்லா ஊர் ஆஸ்பத்திரிப் படிவத்திலும் தமிழில் அச்சாகியிருக்க வேண்டாமா?

இதைவிட என்னை வருத்துவது நீலகிரி. ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் அரிவாள் உயிரணு நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-ல், லேமன், கட்புஷ் என்ற இருவரின் ஆய்வில். அந்த நோயை ஒழிக்க தேசிய அளவில் ஓர் இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1. இடையில் 71 வருடம். அங்கே மலையேறிப் போய் ரத்தம் பார்த்து மாத்திரை கொடுத்த மருத்துவர்களும் தொண்டர்களும் இருந்தார்கள், அவர்களை நான் மறக்கவில்லை. ஆனாலும் 71 வருடம்.

அப்புறம் ஒன்று. ஒருதடவை சொல்லிவிட்டுப் போய்விடக் கூடாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வில் தண்டபாணி குழுவினர் 2009-ல், இதயத் தசை மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு இருக்கிறது, அது இதயத்தைப் பலவீனமாக்குகிறது என்று காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்பு. பிறகு 2018, 2020 ஆய்வுகளில் படம் மாறியது. அந்த விடுபாட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறு அரிய மாற்றங்கள் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து பெரும்பாலும், மற்றவர்களுக்கு மிகக் குறைவு என்று தெரிந்தது. பழைய ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறவே பயப்படும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். திருத்தம் அவரிடம் போய்ச் சேரவில்லை. நான் சொன்னபோது, "இத்தனை வருசம் கழிச்சாம்மா?" என்றார்.

சாதிவாரியாக நோய்க்கணக்கு வந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் தயங்குவீர்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. "அந்த ஜாதியா, ரத்தம் சரியில்லையாம்" என்ற பேச்சு கல்யாண மண்டபத்தில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று தெரிந்தவள்தான் நான். தனக்கு நோயில்லாமல் மாற்றத்தை ஒரு பிரதியில் மட்டும் சுமப்பவரைக் கேரியர் என்போம். பெண்ணுக்குக் கேரியர் என்று வந்தால் அவள் கல்யாணம் நிற்கும், பையனுக்கு வந்தால் மூடி மறைப்பார்கள். அதற்காக எண்ணையே பூட்டி வைப்பது வழியில்லை. சாதிப் பெயரைப் பொதுவில் போடாமல், மருத்துவர்களுக்கு மட்டும் குறியீடாகத் தரலாம். நியூயார்க்கில் ஜோசப் எக்ஸ்டைன் என்ற யூத மதகுரு தன் நாலு குழந்தைகளை டே-சாக்ஸ் என்ற நரம்பு மரபுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-களில் அவர் ஒரு முறையைத் தொடங்கினார். இளைஞர்கள் ரத்தம் கொடுப்பார்கள், கையில் ஒரு நம்பர் மட்டும் தருவார்கள். வரன் பேசும்போது இரண்டு நம்பரையும் சொன்னால், பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் பதில் வரும். யார் கேரியர் என்று ஊருக்குத் தெரியாது. ஜாதகக் கட்டை மஞ்சள் தடவிக் கொடுத்து வாங்கும் நம் ஊருக்கு இது புரியாத விஷயமா? சரி, அதையே அப்படியே எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம் ஊருக்கு ஏற்றதை நம் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து யோசியுங்கள். ரத்தம் எடுக்கப் போன அதே கிராமங்களுக்கு இன்னொரு முறை போங்கள். என்ன கண்டோம் என்று அவர்கள் மொழியில் சொல்லுங்கள். மொழிபெயர்க்க, வரைய, பேச என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். கூப்பிட்டால் சம்பளமில்லாமல் வருவேன்.

அந்தப் பெண் கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டார்: "நம்ம பக்கம் யாராச்சும் வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்களா மேடம்? எடுத்திருந்தா எங்க பாப்பாவுக்கு வந்ததும் அதுல இருக்குமில்லீங்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதம் 12-ம் தேதி மறுபடி வருகிறார்.