மகளின் பிரெஞ்சு பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலிதான், மற்றபடி எல்லோரும் சுகம்.

முதலாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சிலேயே படிக்கிற பிள்ளை, ரீச்சர் சொல்வதெல்லாம் விளங்கியும் வாயைத் திறந்தால் பிழை பிழையாக வருகிறது என்று கவலைப்பட்டிருந்தாய். அவளைக் குறை சொல்லாதே. உங்கள் ரொறன்ரோவிலேயே மெரில் ஸ்வெயின் என்ற பேராசிரியர் இப்படிப் படிக்கும் பிள்ளைகளைத்தான் ஆராய்ந்து 1985இல் எழுதினார். கேட்டு விளங்குவதில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கிட்ட வந்தவர்கள், கதைப்பதிலும் எழுதுவதிலும் இலக்கணத்தில் பின்தங்கியே நின்றார்கள். விளங்கக்கூடிய பேச்சை, தெரிந்ததற்கு ஒரு படி மேலே, நிறையக் கேட்டால் மொழி தானாக வரும் என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் சொல்லிவந்த காலம் அது. ஸ்வெயினுக்கு அது போதவில்லை. கேட்கும்போது கருத்தைப் பிடித்தால் போதும், வினைச்சொல் எப்படி முடிந்தது என்று பார்க்கத் தேவையில்லை. நாமே சொல்ல வேண்டி வந்து தடுக்கும்போதுதான் எது தெரியாது என்பதே தெரிகிறது என்றார்.

நான் அவர் பக்கம். 2007க்குப் பிறகு அரச வேலையில் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியும்தானே, எங்கள் கந்தோரிலும் ஒரு சிங்களத் தம்பி ஆசையாகத் தமிழ் படிக்கிறான். பேச்சுச் சிங்களத்தில் மம யனவா, ஓயா யனவா, எயா யனவா, யார் போனாலும் வினை ஒன்றுதான். நாங்கள் போகிறேன், போகிறாய், போகிறார் என்று மாற்றுகிறோம், ஆனால் 'நான்', 'நீ' முன்னாலேயே வந்துவிடுவதால் அவனுக்கு அந்த விகுதி காதில் விழாமலே எல்லாம் விளங்கிவிடுகிறது. அவன் தடுமாறினால் உடனே நாங்கள் மரியாதைக்குச் சிங்களத்துக்கு மாறிவிடுகிறோம், அப்புறம் அவன் எங்கே தமிழ் கதைப்பது? புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்கு வரும் மலையகத் தமிழ்ப் பொடியன்கள் சிங்களம் பழகுவதைப் பார், வாங்க வந்தவர் விளங்காமல் திருப்பிக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் திருப்பிக் கேட்டலில்தான் மொழி வளர்கிறது என்று மைக்கேல் லோங் என்ற மொழி ஆய்வாளர் ஒரு கொள்கையே வைத்தார்.

உனக்குப் பிரெஞ்சு வராது. மொன்றியலில் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே, சனிக்கிழமைகளில் அவர்களோடு போனில் கதைக்க விடு, பிழையை நீ எண்ணிக்கொண்டு பக்கத்தில் நிற்காதே. வெட்கப்பட்டால் வற்புறுத்தவும் வேண்டாம், பயந்த பிள்ளைக்கு மொழி ஏறாது என்று கிராஷன் சொன்னதை நானும் நம்புகிறேன். என்ன நடந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் மச்சான்