தொகுதியும் பகுதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் தங்கள் நாளிதழ் வெளியிடும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களைப் பள்ளிக் காலத்திலிருந்தே கத்தரித்துச் சேர்த்துவரும் வாசகி நான். இந்த ஆண்டின் பக்கங்களில் பொது சுகாதாரம் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வந்திருந்தது. அதுவும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கான மேற்படிப்புகளின் பட்டியலில், கடைசி வரியில். புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, தனியார் நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுக் கணக்குகளைப் பார்த்துவிட்டு, அந்த வேலையை விட்டுப் பொது சுகாதாரத்தில் எம்.பி.எச். படிக்கச் சேரவிருக்கும் எனக்கு அந்த ஒற்றை வரி உறுத்தலாக இருந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உறவினர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. படித்து முடித்தால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா என்பது முதலாவது, போட்டுக்கொள்ள முடியாது. ஏற்கெனவே ஒரு முதுநிலைப் பட்டம் இருக்கும்போது, சம்பளம் வரும் வேலையையும் விட்டுவிட்டு இன்னொன்று எதற்கு என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சிரித்துக் கடந்துவிடலாம். இரண்டாவதற்கு என் அம்மாவின் பதிவேட்டிலிருந்துதான் பதில் சொல்லத் தொடங்க வேண்டும்.

அம்மா திருவண்ணாமலை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அம்மாவின் நிலையத்துக்கு ஒரு தாய்க் கிராமமும் நான்கு குக்கிராமங்களும். எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எந்தப் புதன்கிழமை தடுப்பூசி, யாருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது என்பதெல்லாம் பழுப்பு அட்டை போட்ட நீளமான பதிவேடுகளில் இருக்கும். மாத இறுதியில் அவை வீட்டுக்கு வரும். சாப்பாட்டுத் தட்டை எடுத்த இடத்தில் அவை விரிக்கப்படும். கூட்டல் சரிபார்ப்பது என் வேலை. புள்ளியியல் எனக்கு அறிமுகமானது கல்லூரியில் அல்ல என்று இதனால்தான் சொல்வேன்.

நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் அம்மாவின் பகுதியைச் சேர்ந்த பெண் ஒருவர் பிரசவத்துக்குப் பின் இறந்துபோனார். வயது 22, முதல் குழந்தை. பிரசவம் நடந்த மருத்துவமனையில் இரத்தப்போக்கு நிற்காமல், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் உயிர் பிரிந்தது. தமிழ்நாட்டில் பிரசவம் தொடர்பாக ஒரு பெண் இறந்தால் அது அப்படியே விடப்படுவதில்லை. உடனே தகவல் போக வேண்டும். வீட்டிலும் மருத்துவமனையிலும் விசாரணை நடக்கும். பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் பேறுகால இறப்புத் தணிக்கைக் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு முந்தைய இரவு, இறந்த பெண்ணுக்குரிய பக்கத்தை வெள்ளைத்தாளில் பிரதி எடுக்கும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தார்.

அந்தப் பக்கம் இன்றும் கண்முன் நிற்கிறது. நவம்பரில், மூன்றாம் மாதத்தில், பதிவு. ஜனவரியில் ஹீமோகுளோபின் 8.2தான், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச் சத்து மருந்தை ஏற்றப் பரிந்துரை எழுதியிருக்கிறார்கள். அதற்கடுத்த நான்கு கட்டங்களில் அம்மாவின் கையெழுத்தில் ஒரே சொல்: வெளியூர், வெளியூர், வெளியூர், வெளியூர். பொங்கல் முடிந்த கையோடு கணவனும் மனைவியும் முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து அப்படிப் போவது புதிதல்ல. பொங்கலுக்குப் பிறகு சில தெருக்களில் கிழவர்களும் ஆடுகளும் மட்டுமே இருப்பார்கள். மே மாதக் கடைசியில், நிறைமாதத்தில், அந்தப் பெண் ஊர் திரும்பினார். திரும்பிய நான்காம் நாள் வலி கண்டது.

இரத்தசோகை உள்ள உடல், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவு இரத்த இழப்பையும் தாங்காது என்பதை அம்மாதான் எனக்கு விளக்கினார். அந்த நான்கு மாதங்களில் நான்கைந்து முறை மருந்து ஏற்றியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். தணிக்கையில் அம்மா மீது குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதிவேட்டில் பதில் இருந்தது. அம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கோ ஒரு கேள்வி மிஞ்சியது: அந்த நான்கு மாதங்களில் அவர் யாருடைய பதிவேட்டில் இருந்தார்?

பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே உள்ளதைத் தொகுதி என்றும் கீழே உள்ளதைப் பகுதி என்றும் படித்திருக்கிறோம். சுகாதாரத் துறையில் 'என் பகுதி' என்றால் ஒரு செவிலியரின் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பு. இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து அமர்ந்திருப்பது தற்செயல்தான் என்றாலும், கல்லூரியில் சதவீதங்களைக் கையாளும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும். 'பதிவு செய்த கர்ப்பிணிகளில் 100 சதவீதத்தினருக்கும் பரிசோதனை நிறைவு' என்று ஓர் ஒன்றியம் அறிக்கை அளித்தால், அந்த நூறு பதிவேட்டில் பெயர் உள்ளவர்களை வைத்துக் கணக்கிட்ட நூறு. சூளைக்குப் போன பெண் எங்கள் ஊர்ப் பகுதியில் வெளியூர். சூளை இருக்கும் ஊரின் பகுதியில் அவர் பெயரே இல்லை. இரண்டு இடத்திலும் சதவீதம் குறையவில்லை. இறந்த பிறகுதான் அவர் ஒரு பின்னத்துக்குள் வந்தார், தொகுதியில் ஒன்றாக.

இதைச் சொல்வதால் நம் மாநிலத்தின் சாதனையைக் குறைத்துக் காட்டுவதாகக் கருத வேண்டாம். பிறப்பு இறப்புகளை மாதிரி எடுத்து மதிப்பிடும் ஒன்றிய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, 2004-06இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 111 ஆக இருந்த தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு விகிதம் 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்திய அளவிலான விகிதம் 254இலிருந்து 97 ஆனது. மூன்று செவிலியர்களுடன் இரவும் பகலும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108 ஊர்தி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி, 1990களின் நடுவில் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே தடையின்றி வந்த மருந்துகள், மேற்சொன்ன தணிக்கை முறை என எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. நோய்த்தடுப்புக்கென்று தனி இயக்குநரகத்தையும் தனிப் பணிநிலையையும் (அத்துறைக்கே உரிய நிரந்தரப் பணியாளர் பிரிவையும்) நெடுங்காலமாகக் காத்துவரும் மாநிலம் இது; இந்தியாவின் முதல் பொது சுகாதாரச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டதும் அன்றைய சென்னை மாகாணத்தில்தான். ஆனால் 111ஐ 54 ஆக்கிய வழிகளே 54ஐ 20 ஆக்கப் போதுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. எஞ்சியிருப்பவர்களில் பலர், அந்தச் சூளைப் பெண்ணைப் போல, நம் ஏற்பாடுகளின் இடுக்குகளில் இருப்பவர்கள். இப்போது கர்ப்பிணிக்குக் கொடுக்கப்படும் பதிவு எண் எந்த ஊருக்கும் அவருடன் செல்லும். சூளைகளுக்கு நடமாடும் மருத்துவக் குழுக்களும் போகின்றன. எண் இருந்தாலும், அதைக் கேட்பவர் அந்தச் சூளையின் வாசலில் எந்த மாதம் நிற்க வேண்டும், எத்தனை பேர் அங்கே இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் வேறு மாநிலத்தவர் என்பதை முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும். நான் படிக்க விரும்புவது அந்த வேலையை.

மருந்து கொடுக்காதவர் சுகாதாரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று என் மாமா கேட்டார். அவருக்குச் சென்னைச் சேத்துப்பட்டைக் காட்டினேன். 1956இல் அங்கே காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, சத்துணவு, ஓய்வு என்று உலகமே நம்பிய காலம். படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கையில் சிறு பங்குக்குக்கூடக் காணாது. சென்னையின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த ஏறத்தாழ 200 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரே மருந்துகளைக் கொடுத்து, ஒரு பாதியை சானடோரியத்துக்கும் மறுபாதியை வீட்டுக்கும் அனுப்பினார்கள். ஓராண்டு முடிவில் வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். 1959இல் வெளியான இந்த முடிவும், தொடர்ந்து வந்தவையும் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையைப் படுக்கையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தன. இதில் என்னை மிகவும் ஈர்த்தது, நோயாளிகளோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பது. வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்தால் கூட இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றுமே என்ற அச்சத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இரு தரப்புக் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று எண்ணிக் காட்டினார்கள். வீடு வீடாகப் போன பணியாளரும், அட்டவணை போட்ட புள்ளியியலாளரும் இல்லாமல் அந்த ஆய்வு இல்லை.

ஒரு முதுநிலை மாணவியால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், தம் பட்ட ஆய்வுக்காகப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால் அவை வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது அங்கேதான். அதுவரை அந்நோய் நம் நாட்டுக்கு வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பலர்.

இனி, இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்போர் அறிந்திருக்க வேண்டிய, வழிகாட்டிப் பக்கங்கள் சொல்லியிருக்க வேண்டிய சில செய்திகள். கொல்கத்தாவில் 1932 முதலே பொது சுகாதாரக் கல்விக்கென்று தனி நிறுவனம் உண்டு என்றாலும், அத்துறை நெடுங்காலம் மருத்துவர்களின் மேற்படிப்பாகவே இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997இல் எம்.பி.எச். படிப்பைத் தொடங்கிய பிறகு, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் மெல்ல மெல்லக் கதவு திறந்தது. இன்று பல் மருத்துவர், செவிலியர், சித்த மருத்துவர், சமூகவியல் படித்தவர், என்னைப் போல எண்களோடு பழகியவர் எனப் பலரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். எந்தக் கல்லூரி யாரைச் சேர்க்கிறது என்பது வேறுபடும் என்பதால் விண்ணப்பிக்குமுன் தகுதி விதிகளைப் படித்துவிடுவது நல்லது. விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகு படித்து நான் ஒருமுறை ஏமாந்தேன்.

வேலை குறித்து மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. மாவட்டத்தில் நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் பணி 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் நடக்கிறது. அம்மா போன்றவர்கள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என அறிகுறிகளை எஸ் படிவத்திலும், மருத்துவர்கள் பி படிவத்திலும், ஆய்வகங்கள் எல் படிவத்திலும் அனுப்புகிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இந்த வாரம் இந்த ஊரில் ஏதோ சரியில்லை என்று சொல்ல வேண்டியவர் மாவட்டத் தொற்றுநோயியலாளர். எனக்குத் தெரிந்த சீனியர் ஒருவர் பிற மாநிலம் ஒன்றில் அந்தப் பணியில் இருக்கிறார். 11 மாத ஒப்பந்தம்; பிறகு ஒருநாள் இடைவெளி; மறுபடி 11 மாதம். கொள்ளைநோய் 11 மாதத்துக்கு ஒருமுறை விடுப்பு எடுத்துக்கொள்வதில்லை என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதார மேலாண்மைப் பணிநிலை உருவாக வேண்டும் என்றது. 2022இல் ஒன்றிய அரசு அதற்கான வழிகாட்டுதலையும் வெளியிட்டது. தமிழ்நாட்டில் மருத்துவர்களுக்கான பொது சுகாதாரப் பணிநிலை முன்பே வலுவாக இருக்கிறது. அதன் பக்கத்தில், எம்.பி.எச். முடித்த மருத்துவர் அல்லாதோருக்கும் மாவட்ட சுகாதார அலுவலகங்களில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கினால், குறைந்தபட்சம் மாவட்டத்துக்கு ஒருவரையாவது அம்மாவின் பதிவேட்டில் உள்ள 'வெளியூர்' என்ற சொல்லைப் பின்தொடரும் வேலைக்கு ஒதுக்க முடியும். அரசின் பார்வைக்கு இதைத் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள் சிறியது. அடுத்த ஆண்டு வழிகாட்டிப் பக்கங்களில் பொது சுகாதாரத்துக்கு அரைப் பக்கம் கொடுங்கள். ஒரு கிராம சுகாதார செவிலியரிடமும் ஒரு சுகாதார ஆய்வாளரிடமும் பேசி எழுதுங்கள். படிக்க வருபவர்களுக்கு அவர்கள் சொல்வது எங்கள் பாடத்திட்டத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

அம்மா இன்னும் பணியில் இருப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தில் உள்ள எண்களை அம்மா ஒருமுறை சரிபார்த்துவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்.