யூஜின் ஓனீலை ஆய்வு செய்யப்போகும் தேன்மொழிக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓனீலைப் பற்றிய உன் ஆய்வுத் திட்ட வரைவைப் படித்தேன். 'ஓனீல் நாடகங்களில் தன்வரலாற்றுக் கூறுகள்' என்ற தலைப்பு ஆய்வுக்குழுவில் சிரமமில்லாமல் தேறிவிடும். எனக்கு அதுதான் கவலை. அப்பா கஞ்ச நடிகர், அம்மா மார்பினுக்கு அடிமை, அண்ணன் குடிகாரன், தம்பிக்குக் காசநோய். 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தின் டைரோன் குடும்பம் ஓனீலின் சொந்தக் குடும்பமே என்று நிறுவ இன்னொரு முனைவர் பட்டம் எதற்கு? வாழ்க்கை வரலாற்றாசிரியர் லூயி ஷீஃபர் இரண்டு தடித்த தொகுதிகளில் அந்த வாழ்க்கையைத் துருவி எடுத்துவிட்டார். இரண்டாவது தொகுதி வந்தது 1973-ல்.

எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார். நாடகம் 1912 ஆகஸ்டில் ஒரே நாளில் நடக்கிறது. அதில் ஓனீலின் இடத்தில் நிற்கும் இளைய மகன் எட்மண்ட் தனிக்கட்டை. நிஜத்தில் அப்போது ஓனீலுக்கு இரண்டு வயதில் ஒரு மகன். முதல் மனைவியுடன் விவாகரத்தானதும் அதே ஆண்டில்தான். இருவரையும் சுவடே இல்லாமல் துடைத்துவிட்டார். பெயர்களைக் கவனி. ஓனீல் பிறப்பதற்கு முன்பே தட்டம்மையில் இறந்துபோன அண்ணனின் பெயர் எட்மண்ட். நாடகத்தில் உயிரோடிருப்பவனுக்கு அந்தப் பெயர். செத்த குழந்தைக்கு யூஜின் என்று தன் பெயரையே வைத்தார். நாடகத்தில் தாயான மேரி அந்தக் குழந்தையைப் பற்றிப் புலம்பும் இடங்களை இதை மனத்தில் வைத்து மறுபடி படி. தான் செத்துப்போனதற்குத் தாய் அழுவதை மகன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். நிஜத்தில் ஓனீலின் தாய் 1914-ல் மார்பினை விட்டு மீண்டார். நாடகம் அந்த மீட்சிக்கு வழிவிடவே இல்லை. உன் ஆய்வுக்களம் இந்த மாற்றங்கள்தாம்.

மேடைக் குறிப்புகளை நீ தாண்டிப் போயிருக்கிறாய். முதல் காட்சியின் அறையில் இரண்டு புத்தக அலமாரிகள். சிறியதில் பால்சாக், ஜோலா, நீட்சே, மார்க்ஸ், இப்சன், ஸ்டிரிண்ட்பெர்க். கண்ணாடிக் கதவு போட்ட பெரியதில் டூமா, ஹ்யூகோ, மூன்று ஷேக்ஸ்பியர் தொகுப்புகள், அயர்லாந்து வரலாறுகள். அப்பாவும் பிள்ளைகளும் வாய் திறக்கும் முன்பே சண்டை அலமாரியில் தொடங்கிவிடுகிறது. எல்லாப் புத்தகங்களும் திரும்பத் திரும்பப் படித்தவை போல இருக்கின்றன என்று வேறு எழுதுகிறார். அரங்கில் பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு இது தெரியுமா? அவருடைய 'ஹ்யூயி' நாடகத்தில் இந்தப் பழக்கம் முற்றிவிட்டது: ஹோட்டலின் இரவுக் குமாஸ்தா பேசுவது சொற்பம், மனத்தில் ஓடுவதெல்லாம் குறிப்புகளில்தான். மேடையை நம்பாத நாடகாசிரியரா, வாசகரை அதிகம் நம்பியவரா? இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கு.

தாக்கம் பற்றிய பகுதியில் மில்லர், வில்லியம்ஸ், ஆல்பீ என்று பின்வந்த அமெரிக்க நாடகாசிரியர்களின் பெயர் அடுக்காதே. 1956-ஐ மட்டும் எடுத்துக்கொள். தான் இறந்து 25 ஆண்டுகள் வரை வெளியிடக் கூடாது என்று ஓனீல் முத்திரையிட்டு வைத்த 'லாங் டேஸ் ஜர்னி'யை, அவர் இறந்த மூன்றாம் ஆண்டிலேயே மனைவி கார்லோட்டா வெளியிடச் செய்தார். முதலில் மேடையேறியது ஸ்டாக்ஹோமில், ஸ்வீடிஷ் மொழியில். 1946-ல் சுமாராகப் போன ஓனீலின் 'தி ஐஸ்மேன் கம்மெத்'தை இயக்குநர் ஹோசே கின்டெரோ மறுபடி மேடையேற்றி வெற்றி கண்டதும் அதே ஆண்டில்தான். பத்தாண்டுகளில் மாறியது நாடகமா, பார்வையாளர்களா?

'எக்ஸார்சிசம்' உன் பட்டியலிலேயே இல்லை. இளமையில் தற்கொலைக்கு முயன்றதை வைத்து எழுதி, 1920-ல் மேடையேறியபின் அவரே பிரதிகளைத் திரும்ப வாங்கி அழித்த ஓரங்க நாடகம். தப்பிய ஒரு பிரதி 2011-ல் வெளிவந்தது. இதை விட்டுவிட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போனால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். படித்துவிட்டு, தலைப்பை மாற்றி, இரண்டே பக்கத்தில் புது வரைவு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்